சூளைக்கு முன் இட்ட கையொப்பம்

ஒரு பொருள் அழகாக அமையும்போது அந்த அழகு யாருடைய செயல் என்னும் வினா, கலைக்கு மட்டுமன்றிச் சமயத்துக்கும் உரியது. சைவ சித்தாந்தம் உலகத் தோற்றத்தை விளக்கக் குடம் வனைதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மண்ணை முதற்காரணம் என்றும், தண்டும் சக்கரமுமாகிய கருவிகளைத் துணைக்காரணம் என்றும், அறிவோடு செய்து முடிக்கும் குயவனை நிமித்த காரணம் என்றும் வகுத்தது. இறைவனின் செயலை உணர்த்த இப்பாகுபாடு போதுமானது. ஆனால் மனிதக் குயவனின் தொழிலைக் கூர்ந்து நோக்கினால், நெருப்பு இந்த மூன்றனுள் எதில் அடங்கும் என்பது எளிதில் தெளிவாவதில்லை.

இதனை ஆராய, இங்கிலாந்தின் மார்ட்டின் சகோதரர்கள் செய்த பறவை உருவங்கள் தக்க சான்றாகும். சிற்பக்கலை பயின்ற ராபர்ட் வாலஸ் மார்ட்டின் (1843–1923), தம்பியர் சார்லஸ், வால்ட்டர், எட்வின் ஆகியோருடன் 1873இல் ஃபுல்ஹாமில் தொழில் தொடங்கி, 1877இல் லண்டனுக்கு மேற்கேயுள்ள சவுத்ஹாலுக்கு இடம்பெயர்ந்தார். வடிவமைப்பு முதல் சுடுதல் வரை அனைத்தையும் ஒரு சிறு குழுவே தன் கையால் செய்யும் ஸ்டூடியோ மட்பாண்டக் கலைக்கு இவர்கள் முன்னோடிகளாக மதிக்கப்படுகின்றனர். பருத்த அலகும் ஓரப்பார்வையும் கொண்ட இப்பறவைகள், தலை தனியே கழலும் ஜாடிகளாகும். தலையைச் சிறிது திருப்பி வைத்தாலே செருக்கு சிந்தனையாகவும் சிந்தனை ஏளனமாகவும் மாறித் தோன்றும்.

இவை, ஊறுகாய் ஜாடிகளைப்போல, கடும் வெப்பத்தில் கல்லென இறுகி நீர் ஊறாத தன்மை பெறும் ஸ்டோன்வேர் வகையைச் சேர்ந்தவை. சூளை 1200 பாகை செல்சியஸைக் கடந்து கனலும்போது உள்ளே உப்பு இடப்படுகிறது. ஆவியாகும் உப்பின் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடிக் கண்ணாடிப் படலமாகிறது. அப்படலத்தை யாரும் தூரிகையால் பூசுவதில்லை. ஆவி சென்ற வழியே அது ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிகிறது. மார்ட்டின் சூளையில் பாண்டங்கள் காப்புப் பெட்டிகளின்றித் தழலுக்கு நேரே வைக்கப்பட்டதால், நெடுநாள் உழைப்பின் பெரும்பகுதி ஒரே சுடுதலில் பாழானதும் உண்டு. துணைக்காரணம் என்பது வினைமுதலாகிய குயவனின் விருப்பத்துக்கு உட்பட்டு நிற்பது என்றால், இந்த நெருப்பு அதனை மீறிய ஒன்றாகும்.

1936இல் டோக்கியோவில் ஜப்பான் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தை நிறுவிய யானகி சோயெட்சு, இத்தகைய மீறலிலேயே அழகின் ஊற்றைக் கண்டார். அமிதாப புத்தரின் அருளாகிய பிறிதாற்றலே வீடுபேறு தரும், ஒருவரது தன்னாற்றல் தராது என்னும் ஜப்பானிய பௌத்த ஆசான் ஷின்ரானின் (1173–1263) நெறியைக் கைவினைக்கும் பொருத்தி, பெயர் பொறிக்காத எளிய கைவினைஞரின் பாண்டத்தில் அவ்வாற்றல் தடையின்றி வெளிப்படுகிறது என்றும், கையொப்பம் தன்முனைப்பின் அடையாளம் என்றும் அவர் கருதினார்.

மார்ட்டின் பறவைகளோ தலையிலும் அடியிலும் கையொப்பம் தாங்கியவை. ஆயினும் அக்கையொப்பம் சுடாத ஈரமண்ணில், நெருப்பின் தீர்ப்பு இன்னதென்று அறிவதற்கு முன்னரே கீறப்பட்டது. வெற்றி பெற்ற பொருளின்மீது பெயர் எழுதுவது உரிமை கோருதலாகும். பாழாகக்கூடிய பொருளின்மீது முன்னரே பெயர் எழுதுவது, பயன் தன் கையில் இல்லை என்று அறிந்தும் வினைக்குப் பொறுப்பேற்பதாகும். தன்னாற்றலும் பிறிதாற்றலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. யானகியின் கருத்து இவ்விடத்தில் திருத்தம் பெற வேண்டும்.

இப்பொறுப்பு சேகரிப்பவருக்கும் உரியது. சகோதரர்களின் பாண்டங்களை விற்ற லண்டன் பிரௌன்லோ வீதிக் கடையை நடத்திய சார்லஸ், சிறந்த பாண்டங்களை விற்க மனமின்றி ஒளித்து வைத்தார் என்பர். ஆயினும் 1903இல் அந்தக் கடை தீக்கிரையானது. இன்று ஏலங்களில் பெரும்விலை பெறும் இப்பறவைகளைப் பெயருக்காக மட்டுமே வாங்குபவர், அவற்றின் அழகில் நெருப்புக்குள்ள பங்கை மறந்தவராவார். எவருடைய தனி ஆற்றலாலும் உருவாகாத ஒன்று எவருக்கும் முழு உடைமையாவதில்லை. அதனைச் சேதமின்றிக் காத்து, பிறர் காணக் கொடுத்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே உடையவர்க்குரிய அறம்.