மீனுக்கு அறுப்பு இல்லை, பொறுப்பு உண்டு



ஆடு, மாடு, கோழி என்றால் முறைப்படி அறுத்தால்தான் நமக்கு ஹலால். மீனுக்கு அந்த நிபந்தனை இல்லை. இது அல்லாஹ் நமக்குத் தந்த சலுகை. ஆனால் "மீனுக்கு அறுப்பே இல்லை, பிறகு அதற்கு என்ன ஹக்கு இருக்கிறது?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. அறுக்கும் கடமை நீங்கிவிட்டால் மற்ற எல்லாக் கடமையும் நீங்கிவிடுமா?

ஆந்திராவில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு நடுவே கொல்லேரு ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மீன் வளர்ப்புக் குளங்கள். அங்கே வளரும் ரோகு, கட்லா மீன்கள் ஐஸில் வைக்கப்பட்டு லாரிகளில் கல்கத்தா வரை, வடகிழக்கு மாநிலங்கள் வரை போகின்றன. நம் சென்னைச் சந்தைக்கும் வருகின்றன.

கெண்டை மீன் வளர்க்கும் இத்தகைய குளங்களைத் திரும்பத் திரும்பத் தாக்குவது ஆர்குலஸ் என்ற ஒட்டுண்ணி. மீன் பேன் என்பார்கள். சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். தோலில் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குத்தி இரத்தத்தை உறிஞ்சும். மீன் இரை எடுக்காது, மெலியும், கிடைத்த இடத்தில் உடம்பைத் தேய்க்கும். அந்தப் புண்ணில் பாக்டீரியா நுழைந்தால் மரணம் வரைக்கும் போகும். ரோகு மீன்தான் இதனிடம் அதிகம் மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பேன் ஆற்றிலும் ஏரியிலும் உண்டு. ஆனால் முட்டையிலிருந்து வெளிவரும் பேன் குஞ்சு சில நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். விரிந்த நீரில் அது பெரும்பாலும் தோற்றுப்போகிறது. நெருக்கியடித்து மீன் விட்ட குளத்தில் திரும்பும் பக்கமெல்லாம் அதற்கு மீன். படைத்தவன் வைத்த அளவை நாம் மாற்றினோம், பேன் பெருகியது. அப்படியிருக்க, குளத்தில் மீன் சாகும்போது "அல்லாஹ்வின் நாட்டம்" என்று மட்டும் சொல்லி ஒதுங்கலாமா? நாட்டம் அவனுடையதுதான். அந்த நெருக்கடி நம் கையால் உண்டானது.

அன்பானவர்களே! ஒரு பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நரகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நமக்குத் தெரியும். தெருவில் பசியால் செத்த ஒவ்வொரு பூனைக்கும் அவளிடம் கேள்வி இல்லை. கட்டி வைத்தாளே, அதற்குத்தான் கேள்வி. ஆற்று மீன் நோய் கண்ட இடத்தை விட்டு ஓடலாம். குளத்து மீன் எங்கே போகும்? அடைத்து வைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

அடுத்தது மருந்து. பேனை ஒழிக்கக் குளத்தில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளை ஊற்றுகிறார்கள். ஆர்குலஸ் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. அதைக் கொல்லும் நஞ்சு, அதே இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களையும் கொல்லும். அவையோ கட்லாவின் உணவு. பேனின் முட்டைகளோ பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அவை பொரித்ததும் மறுபடியும் மருந்து. குளத்து நீர் கால்வாய்க்குப் போகிறது. மருந்தின் வீரியம் மீனின் உடலிலிருந்து நீங்கும் வரை காத்திராமல் பிடித்தால் நம் தட்டுக்கே வருகிறது.

மேலே உலர்ந்த தானியமும் உள்ளே நனைந்த தானியமுமாகக் குவித்து விற்ற வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நனைந்ததை விற்பது குற்றமாகவில்லை, மறைத்ததுதான் குற்றமானது. நேற்று மருந்து ஊற்றிய குளத்து மீனை இன்று வாய் திறக்காமல் விற்பதும் அதே கணக்குதான்.

தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்ணக் கூடாது என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபில், தீங்கு இல்லாதவரை கூடும். சட்டம் இந்த இடத்தில் நிற்கிறது. ஆனால் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்ற சொல்லையும் மார்க்கம் சேர்த்தே சொல்கிறதே! உண்ணக் கூடுமா என்று கேட்கும் நாம், அது எப்படி வளர்ந்தது என்றும் கேட்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. நோயுற்ற ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்று நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. அதுபோல, புதிய குஞ்சுகளைத் தனியே வைத்துப் பார்த்த பிறகே குளத்தில் விடலாம். பேன் முட்டையிடுவது கடினமான பரப்பில். மூங்கில், பலகைகளை நீரில் வைத்து, முட்டை ஒட்டியதும் எடுத்து வெயிலில் காயப்போட்டால் அவை அழியும். அறுவடை முடிந்ததும் குளத்தை உலர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறைவாக மீன் விடலாம்.

குறைவாக விட்டால் இலாபம் குறையும், கடன் எப்படி அடையும் என்று வளர்ப்பவர் கேட்பார். நியாயமான கேள்வி. பத்து ரூபாய் குறைகிறது என்று கடை மாறும் நாம்தான் அவரை அந்த நெருக்கடிக்குத் தள்ளுகிறோம். எனவே இந்த அமானிதத்தில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு. மருந்து ஊற்றி எத்தனை நாளில் பிடித்த மீன் என்று கடைக்காரரிடம் கேட்போம். கேட்கிறவர் பெருகினால் பதில் சொல்பவரும் வருவார்.

வாயில்லாத பிராணிகள் விஷயத்தில் தன்னை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாகவும், ஹலாலான, தூய்மையான உணவை உண்பவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.