அழைக்கும் சொல்

கடையில் நின்று வியாபாரம் செய்கிற நம்மவருக்கு ஒரு நாளில் எத்தனை பெயர்கள்! ஒருவர் ‘மாமாக்’ என்பார்; மற்றொருவர் ‘ஆனே’ என்பார்; வேறொருவர் ‘பாய்’ என்பார். தாடி நரைத்த பெரியவரைப் பேரன் வயதுப் பிள்ளை இப்படி அதட்டிக் கூப்பிடும்போது சிலருக்குக் கோபம் பொங்குகிறது. சிலரோ, ‘வியாபாரம் நடந்தால் போதும்’ என்று இருந்துவிடுகிறார்கள். இவ்விரண்டில் எது முறை?

சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். மாமாக் என்பது நம் ‘மாமா’ மலாய் மொழியில் பெற்ற உருவம். ஆனே என்பது நம் ‘அண்ணே’. பாய் என்றால் சகோதரர். மூன்றும் உறவுச் சொற்களே. அன்போடு சொன்னால் அவற்றில் குறை காண வேண்டியதில்லை. ஏவல் தொனியில் சொன்னால் உறவு போய் இளக்காரமே மிஞ்சும்.

‘கிளிங்’ என்பதன் கதை வேறு. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகக் கூறப்படும் அச்சொல்லில் ஆதியில் இழிவு இல்லை. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. காலப்போக்கில் அது வசைச்சொல்லாயிற்று. சிங்கப்பூரில் ‘கிளிங் ஸ்திரீட்’ என்றிருந்த தெருப்பெயரை இந்தியர்கள் முறைப்படி ஆட்சேபித்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அது ‘சூலியா ஸ்திரீட்’ ஆயிற்று. சூலியா என்பது, 1826-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் பள்ளிவாசல் எழுப்பிய நம் முன்னோரைக் குறித்த பெயர். ஆட்சேபித்தவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் பழைய பெயரே நிலைத்திருக்கக்கூடும்.

ஆகவே பொறுமை வேறு, பேசாதிருத்தல் வேறு. அறியாமல் சொல்பவரிடம், “என் பெயர் இன்னது, தங்கள் பெயர் என்ன?” என்று முகமலர்ச்சியோடு கேட்போம். பெரும்பாலோர் அத்துடன் திருந்திவிடுவர். வேண்டுமென்றே இழிவாகப் பேசுகிறவரிடம், “சரக்குத் தருகிறோம், அந்தச் சொல் வேண்டாம்” என்று நிதானமாகச் சொல்வோம். அதனால் ஒரு வாடிக்கை போனாலும் போகட்டும். ஆனால் வசைக்கு வசை கொடுத்தால், அவருடைய தராசில் நாமும் ஏறி நின்றவர்களாவோம்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் திரளும் வங்காளதேசத் தொழிலாளர்களை நம்மில் சிலர் எப்படி அழைக்கிறோம்? ‘ஏய், பங்களா’ என்கிறோம். ஊரிலிருந்து புதிதாக வந்த கடைச் சிப்பந்தியை, வயதில் மூத்தவரானாலும், ‘டா’ போடுகிறோம். இழிவான பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பதைத் திருக்குர்ஆனின் 49-வது அத்தியாயம் 11-வது வசனம் விலக்கியிருக்கிறது. பிறர் நம்மை அழைக்கும்போது மட்டும் அதை நினைவுகூர்வது நியாயமாகுமா?

பெயரைக் கேட்டு அழைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் மரியாதையை, நம் கடைக்கு வரும் எளியவருக்கு முதலில் கொடுத்துத் தொடங்குவோமாக!