ஜன்னல் ரப்பரும் மனச்சாட்சியும்

அறியாமல் செய்த தவறுக்கு மன்னிப்பு உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால், அறியாமல் இருப்பதற்கென்றே ஒருவன் பாடுபட்டால்? அதற்கும் மன்னிப்பு உண்டா? இதற்கு விடை தேடிப் பெரிய சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு பழைய விசைப்படகின் ஜன்னலைப் பார்த்தால் போதும்.

குமரி மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு முறை வருகிறது. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்தப் பக்கம் எண்ணினாலும் 61 நாள். கடலில் மீன் பெருகட்டும் என்று விட்டுவைக்கும் இந்த நாட்களில்தான் கரையில் படகுகளுக்கு வைத்தியம் நடக்கிறது.

வைத்தியத்தில் ஜன்னலுக்குக் கடைசி இடம். இஞ்சின், அடிப்பலகை, வலை எல்லாம் முடிந்து, கையிலிருந்த காசும் முடிந்த பிறகுதான் வீல் ஹவுஸ் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் ஞாபகத்துக்கு வரும். வெயிலும் காற்றும் பட்டு அது விறைத்துப்போயிருக்கும், மூலைகளில் வெடித்திருக்கும். ஒழுங்காகச் செய்வதானால் கண்ணாடியைக் கழற்றிப் பழைய பட்டையை உரிக்க வேண்டும். காய்ந்த பசையைச் சுரண்டிச் சட்டத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். மரம் உளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதுப் பட்டையை இழுத்துப் பிடிக்காமல், சற்றுத் தாராளமாகவே வெட்டிச் சோப்புத் தண்ணீர் தடவி உட்கார வைத்து, கடைசியில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. இன்னொரு வழியும் இருக்கிறது. வெடிப்பின் மேலேயே சிலிக்கான் பசையைப் பிதுக்கி விரலால் வழித்துவிடலாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"தண்ணி நின்னாச்சுல்லா, பின்ன என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார், படகு வைத்திருக்கும் ஒரு நண்பர்.

உள்ளே சொட்டுவது நின்றுவிட்டது, அது உண்மை. பசை மூடாத மயிரிழை வெடிப்பு வழியே சட்டத்துக்குள் இறங்கும் நீர் நின்றதா என்பது வேறு கேள்வி. கடல் நீரைவிட மழை நீர்தான் மரத்தை விரைவில் உளுக்க வைக்கும். ஜன்னலுக்கு அருகில்தான் வயர்லெஸ் பெட்டியும் அதன் கம்பிகளும் இருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலைக் கண்ட இந்தக் கரைக்கு, நடுக்கடலில் வயர்லெஸ் ஊமையாகிப் போவது என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிளிஃபோர்டு என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1877-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றிச் சொல்கிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் முதலாளிக்கு எழுகிறது. இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்த கப்பலாயிற்றே என்று தனக்குத் தானே சொல்லிச் சந்தேகத்தை அடக்குகிறார். முழு நம்பிக்கையோடு கப்பலை அனுப்புகிறார். அது மூழ்கிவிடுகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்பது அவர் தீர்ப்பு. 1870-ல் சிசிலிக் கரையருகே கப்பல் விபத்தில் சிக்கிப் பிழைத்தவர் அவர்.

இது பழங்கதை அல்ல. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு சிதறியது. காரணம் ஒரு ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறியது. முந்தின இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள். அதற்கு முந்தைய பயணங்களிலும் வளையங்கள் பழுதுபட்டிருந்தன. ஆனாலும் கலங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன அல்லவா? அந்த அதிர்ஷ்டமே பிறகு அத்தாட்சியாகிவிட்டது.

நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் படகு கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். கடன்காரன் கடலைவிடக் கொடியவன் என்றார். மறுக்க முடியாத பேச்சு. எல்லாப் பலகையையும் சந்தேகிக்கும்படி தர்மம் யாரையும் கேட்பதில்லை. ஆனால் கசிவு என்பது தானாக வந்து சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சி சொன்ன இடத்தைத் திறந்து பார்ப்பது ஒன்று. அதன் வாயை அடைப்பது வேறு.

ஆகவே பசையைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நடுக்கடலில் அதைத் தடவுகிறவன் கெட்டிக்காரன். கரையில்கூடக் காசில்லாதவன் தடவலாம். ஆனால் அதன் மேல் பெயிண்ட் அடித்து மறைக்காமல், படகை ஓட்டப் போகிறவரை அழைத்து, "இந்த மூலையில் தற்காலிகமாகத்தான் அடைத்திருக்கிறது, கவனித்துக்கொள்" என்று சொல்லிவிட வேண்டும். வறுமை பீடிங் வாங்குவதைத் தடுக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதைத் தடுக்காது. அதைச் சொல்லாமல் விடுகிறவர் தன் பணத்தைப் பணயம் வைக்கவில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கப் போகும் மனிதனின் உயிரை, அவனிடம் கேட்காமலே, பணயம் வைக்கிறார்.