வினை எவருடையது?

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குன்றில் சமண முனிவர்கள் வதிந்த கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அறவோர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. இதனை வகுப்புதோறும் பெருமையோடு எடுத்துரைத்த நாம், அப்பெருமைக்கு ஒவ்வாத செயல் ஒன்றையும் செய்தோம்.

1978ஆம் ஆண்டு நாம் பணியாற்றிய பள்ளிக்குத் தாய் ஒருவர் தம் ஆறு வயது மகனை அழைத்து வந்தார். சிறுவனின் நடை தள்ளாடியது. பேச்சுத் தெளிவாக வரவில்லை. “மற்றப் பிள்ளைகளுக்கு இவனால் ஈடுகொடுக்க இயலாது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றோம். அவர் மறுமொழி கூறாது மகனைத் தூக்கிக்கொண்டு சென்றார். கனிவாகத்தானே சொன்னோம் என்று நெடுங்காலம் நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

அண்மையில் ஸ்ரீரங்கத்தில் நம்மவர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்தபோது அந்த ஆறுதல் குலைந்தது. அவ்வீட்டு ஐந்து வயது மகனுக்கு அறிவு வளர்ச்சி தாமதம். சூரியன் மறையுமுன் உணவு முடிக்க வேண்டுமென்று தாய் குடிநீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். துணியின் ஓரத்தைச் சிறுவன் இரு கைகளாலும் பற்றியிருந்தான். கை நழுவி நீர் சிந்தியது.

“ஏனம்மா அவனைப் படுத்துகிறாய்? முற்பிறவி வினை, அனுபவித்துத் தீரட்டும்” என்றார் வீட்டு மூதாட்டி.

“அவன் வினையை நான் அறியேன், அத்தை. நேற்றைக்கு இன்று அதிக நேரம் பிடித்திருந்தான். அதுதான் எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

இவ்விருவருள் நம் அறநெறியை உணர்ந்தவர் யார்? அறிவு ஆன்மாவின் இயல்பு. ஞானாவரணீயம் அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. ஓரறிவுயிரிடத்தும் அறிவின் கீற்று உண்டு என்பது நம் கொள்கை. அன்றியும், பிறர் அறிவு பெறுதலைத் தடுப்பவருக்கே அறிவை மறைக்கும் வினை வந்து சேரும் என்றும், பிறர் முயற்சிக்கு இடையூறு செய்பவருக்கே அந்தராயம் வந்து சேரும் என்றும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகின்றது. ஆகவே, ‘இப்பிள்ளை என்ன வினை செய்தது?’ என்பது நாம் கேட்கத் தக்க வினா அன்று. ‘இப்பிள்ளையின் பங்கை மறுத்து நாம் என்ன வினை தேடிக்கொள்கிறோம்?’ என்பதே வினா. 1978இல் வினை செய்தவர் அச்சிறுவன் அல்லன், நாமே.

மிகுந்த அன்பும் தடையாகலாம். ஊட்டுவதும் உடுத்துவதும் முழுவதும் தாயே செய்தால் பிள்ளைக்கு முயல இடம் ஏது? அந்தத் தாய் கையாண்ட முறை, ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்பித்ததேயாகும். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, முன்படிகளைத் தான் செய்து, கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுவது. முதலில் குடத்தின்மேல் மூடியை வைப்பது மட்டுமே அவன் பணி. அது கைவந்தபின் துணியைப் பிடித்தல். வேலையை முடித்த நிறைவு நாள்தோறும் அவனுக்குக் கிட்டுகிறது. ஒன்றைக் கேட்டால், விடைக்குச் சற்றுக் காத்திருக்கிறாள். அவனுக்காகத் தான் விடை சொல்வதில்லை.

இது ஒரு வீட்டின் வழக்கம் மட்டுமன்று. சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு தாய்மாரையும் வரச்செய்து பயிற்றுகிறது. 2013இல் நடுவணரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் வழியாக மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்படலாயின. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிதியோ ஏற்போ பெற்ற பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. அன்று நாம் சொன்ன சொல்லை இன்று எந்த ஆசிரியரும் சொல்லலாகாது.

எனினும், சட்டம் நம் ஜினாலயத்துள் வந்து பிள்ளையின் கைபிடித்து நடத்தாது. அதனை நாமே செய்தல் வேண்டும். பூசையின்போது அட்சதையை எடுத்துத் தரும் பணியை அக்குழந்தைக்கு அளிக்கலாம். பேரொலி தாங்காத பிள்ளையைக் கூட்டம் சேருமுன் அழைத்து வரலாம். வந்த பிள்ளையை எவரும் வியந்து நோக்காதிருக்கலாம். தாய் தனித்துச் சுமப்பதில் பாதி அதனாலேயே குறையும்.

பெருமக்களே, வினையை வெல்லும் நெறி நம் நெறி. பிறர் வினையைக் கணக்கிடுவதை விடுத்து, ஒரு பிள்ளைக்குத் துணியின் ஓரத்தைப் பிடிக்கக் கொடுப்போம். நீர் சிறிது சிந்தினால் சிந்தட்டும்.