எந்தப் பள்ளி என்பதை யார் முடிவுசெய்வது?

தொட்டியத்தில் பார்வைக் குறைபாடுள்ள மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பெற்றோர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “திருச்சி புத்தூர்ல பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்குன்னே அரசுப் பள்ளி இருக்கும்மா. அங்கே சேர்த்தா பிள்ளை நல்லா வரும்” என்கிறார் தலைமையாசிரியர். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லோடு பெற்றோர் திரும்பிப் போய்விட்டால், நடந்தது வழிகாட்டலா, மறுப்பா?

அவர் பக்கத்து நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. சிறப்புப் பள்ளியில் பிரெய்ல் கற்றுத்தரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உண்டு. இங்கோ ஒரே ஆசிரியர் கரும்பலகையை நம்பி வகுப்பு முழுவதையும் நடத்த வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் ஏறி, பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்தே வருடங்கள் கழிவதும் அநீதிதான்.

ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளையை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியில் விடுவது எளிய காரியமல்ல. வீடு, தெரு, உடன் விளையாடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் அவள் விட்டுப் போகிறாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காராமல் வளரும் மற்ற பிள்ளைகளுக்கும் இதில் இழப்பு உண்டு. நாளை நடத்துநராகவும் அலுவலராகவும் வரப்போகிறவர்கள் அவர்கள்தானே?

இந்தத் தராசை யார் பிடிப்பது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. இரண்டில் எது என்பது பிள்ளையின் விருப்பம். பள்ளியின் வசதி அல்ல.

பாரம் முழுவதையும் வகுப்பாசிரியர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அது அரசின் கடமை. ஆனால் எல்லா உதவிக்கும் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடக்கச் சிரமப்படும் மாணவன் இருக்கும் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மங்கலாகத் தெரியும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினால் வகுப்புக்கே நல்லது.

தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் தந்தால் மற்றவர்களுக்கு அநீதி என்பார் உண்டு. தேர்வு அளக்க வேண்டியது படிப்பை. விரலின் வேகத்தை அல்ல. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவரின் வழக்கில், 40 விழுக்காட்டு வரம்புக்குள் வராதவருக்கும் எழுத்தர் உதவி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் சேர்க்கைப் படிவத்தைக் கொடுங்கள், புத்தூர் பற்றிய ஆலோசனையை அதன்பின் சொல்லுங்கள். பெற்றோரும் வாய்மொழி மறுப்போடு திரும்பிவிட வேண்டாம். மறுப்பதானால் எழுத்தில் கேளுங்கள். வட்டார வள மையத்தையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் அணுகுங்கள். நீங்கள் கேட்பது தயவு அல்ல, உங்கள் பிள்ளைக்குச் சட்டம் தந்திருக்கும் இடம்.