தவளையின் நெஞ்சும் பிள்ளையின் கையும்

நெய்வேலியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குடியிருப்பு வட்டத்துக்கு வட்டம் தவளைச் சத்தம்தான். குவார்ட்டர்ஸ் தோட்டத்துப் பள்ளத்தில் இரவெல்லாம் கத்தும் அந்தத் தவளைதான் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு விலங்கியல் பாடமாக இருந்தது.

பிராக்டிகல் நாளில் மெழுகுத் தட்டில் அதை மல்லாத்திக் கிடத்தி, நான்கு காலிலும் குண்டூசி குத்துவார்கள். குளோரோபார்மில் மயங்கிய உடம்பைத் திறந்தால், மொச்சைக் கொட்டை அளவு இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். முதன்முதலில் கத்தரிக்கோல் பிடித்த பிள்ளைக்குக் கை நடுங்கும். "பயப்படாதே, வெட்டு" என்பார்கள். நாலாவது தவளையில் நடுக்கம் நின்றுவிடும்.

நின்றுபோனது எது?

பக்கத்து வடலூரில், 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பிற உயிர் துன்பப்படுவதைக் கண்டும் சிலருக்கு ஏன் மனம் இளகுவதில்லை என்று ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் அவரே கேட்டு, அவரே விடையும் சொல்கிறார். ஆன்ம அறிவு என்ற கண்ணில் அஞ்ஞானக் காசம் படர்ந்துவிட்டது, மனம் முதலான கண்ணாடிகளும் தடித்துப்போயின என்கிறார். நாடி பிடித்துப் பார்த்த வைத்தியரின் பேச்சு இது! கை நடுங்கிய பிள்ளைக்கு அந்தக் கண் நன்றாகத் தெரிந்தது. படிக்கப் போன இடத்திலேயே அதில் காசம் படரலாமா?

சட்டமும் மெல்ல இந்த வழிக்கு வந்தது. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடினார். அதன் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் கொண்டு கற்பிக்க முடிகிற இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. அப்படியிருந்தும் தவளை தட்டைவிட்டு இறங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது; 2014-இல்தான் விலங்கியல் படிப்புகளில் அடியோடு நிறுத்தச் சொன்னது.

"டாக்டராகப் போகிறவன் உடம்பைத் திறந்து பார்க்க வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். மருத்துவக் கல்லூரியில் அவனுக்காக உடல்தானம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனமுவந்து தந்தார்கள். தவளையிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிள்ளைகளை அந்தப் பள்ளத்தருகே உட்காரவையுங்கள். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால் முளைக்கும், பிறகு முன்னங்கால். வால் நாளுக்கு நாள் குறுகும். ஆசைப்பட்டுப் பாட்டிலில் பிடித்துவந்தால், பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் எடுத்த தண்ணீரிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் போங்கள்.