பேறுகாலச் செலவு

1986-இல் எனக்குத் தலைப்பிரசவம். தூத்தூரில் அம்மா வீட்டில் கிடந்த நாற்பது நாளும் பால்சுறாப் புட்டுதான். மீனை அவித்து, தோலை உரித்து, சதையைப் பூப்போல உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு அம்மா கிண்டித் தருவாள். பிள்ளைக்குப் பால் ஊறும் என்பது எங்கள் கடற்கரையில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அப்பாவும் அண்ணனும் சுறாத் தூண்டில்காரர்கள். அரபிக்கடலில் குஜராத் வரை போய், வாரக்கணக்கில் கடலில் கிடந்து திரும்புவார்கள். அந்தப் பணத்தில்தான் நான் ஆசிரியப் பயிற்சி படித்தேன். சுறாவுக்குக் கடன்பட்ட வீடு எங்களுடையது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

குஜராத்தின் வேராவல் கதையை எனக்குச் சொன்னது அண்ணன். எங்கள் பக்கம் அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறாவுக்கு அங்கே ஒரு காலத்தில் ‘பேரல்’ என்றே பெயர். கொக்கியை ஏற்றி, கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டி விட்டுவிடுவார்கள். மூழ்க முடியாமல் இழுத்து இழுத்து அது களைக்கும்வரை படகு பின்னாலேயே போகும். ஈரல் எண்ணெய் படகின் மரத்துக்குப் பூச்சு, கறி வெளிநாட்டுக்கு. மைக் பாண்டே இதைப் படமெடுத்து 2000-இல் உலகுக்குக் காட்டினார். 2001-இல் புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இந்த மீனுக்கும் கிடைத்தது. ஆனால் நடுக்கடலில் ஒரு மீனவன் என்ன செய்கிறான் என்பதைச் சட்டம் பார்க்க முடியாது. அவனுடைய மனசுதான் பார்க்கும்.

அந்த மனசைத் தேடி 2004-இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸும் மற்றவர்களும் சேர்ந்து இறங்கியபோது, ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்தார்கள். அவர் சொன்னது எளிமையானது: இந்த மீன் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு தேடி வரும் மகள், வீட்டுக்கு வந்த மகளை யாராவது கொல்வார்களா? ‘வஹாலி’ என்று பெயரும் வந்தது. அன்புக்குரியவள் என்று பொருள். அதுவரை கொக்கி போட்ட கைகள் வலையை அறுத்து அவளை விடத் தொடங்கின. இன்றுவரை 900-க்கும் மேல் விட்டிருக்கிறார்கள்.

கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. கூடவே ஒரு நெருடல். எங்கள் ஊரில் பேறுகாலத்துக்கு வந்த மகளுக்குச் சுறாவைச் சமைத்துக் கொடுப்போம்; அங்கே சுறாவே மகள். எது மெய்? 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு திமிங்கலச் சுறாவின் வயிற்றில் முந்நூறு குட்டிகள் இருந்தன. சூல்கொள்ளும் மீன்தான், ஐயமில்லை. ஆனால் அது குட்டி ஈனுவதைக் குஜராத் கடலில் கண்ணால் கண்டவர் இல்லை. இட்டுக்கட்டிய உறவின் மேல் நிற்கும் இரக்கம் எத்தனை நாளைக்கு? உயிர் என்பது மட்டும் போதாதா?

நெடுநாள் இந்தக் கேள்வியோடு இருந்தேன். வள்ளலார் ஜீவகாருண்யத்துக்குச் சொல்லும் காரணமே உறவுதான். எல்லா உயிரும் ஒரே இறைவனிடமிருந்து வந்ததால் சகோதர உரிமை உண்டு, அந்த உரிமையால் மனம் உருகுகிறது என்கிறார். நாங்கள் கும்பிடும் அசிசி பிரான்சிஸும் சூரியனைச் சகோதரன் என்றார், தண்ணீரைச் சகோதரி என்றார். இவர்கள் யாரும் உவமை சொல்லவில்லை. இருக்கும் உறவைத்தான் சொன்னார்கள்.

எனக்குத் தெளிவு வந்தது வேறொரு பக்கமிருந்து. மகள் என்பது கொஞ்சும் சொல் மட்டுமில்லை, செலவும் கொண்ட சொல். தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கடமை. வளையல், மருந்து, மருத்துவச்சி, நாற்பது நாள் சாப்பாடு எல்லாம் அப்பன் தலையில். கடன் வாங்கியாவது செய்வான். கணக்குச் சொல்ல மாட்டான். வேராவல்காரர்கள் அந்தச் சொல்லை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒருமுறை பக்கத்துப் படகில் பார்த்திருக்கிறான். வலைக்குள் திமிங்கலச் சுறா முரண்டு பிடிக்காமல் கிடந்ததாம். வெள்ளைப் புள்ளி போட்ட முதுகில் தண்ணீர் ஏறி இறங்கியதாம். ஒருவர் விளிம்பில் குப்புறப் படுத்துக் கண்ணி கண்ணியாக அறுத்துக்கொண்டே போனார். அறுபடுவது அந்தப் பருவத்தின் சோறு. வனத்துறை 25,000 ரூபாய் வரை இழப்பீடு தந்தது. முன்பு அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மீனவர் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். அவர் சொல்லை நம்பினார்கள். இந்த நம்பிக்கை பணத்தைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் கரையில் நடந்தது வேறு. 2001 ஜூலையில் எல்லாச் சுறாவும் திருக்கையும் ஒரே அறிவிப்பில் தடைக்குள் வந்தபோது எங்களிடம் யாரும் வந்து உட்கார்ந்து பேசவில்லை. அப்பா விடிந்தபோது குற்றவாளியாகியிருந்தார். போராடினோம், டிசம்பரில் அது பத்து வகையாகச் சுருங்கியது. அந்தப் பத்தில் வேளா மீன் உண்டு, அதைக் காக்கவே வேண்டும். எங்கள் பாட்டி வீட்டு உத்தரத்தில் வேளாக் கொம்பு ஒன்று தொங்கும். கடலுக்குப் போகும்முன் தாத்தா அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். சூல்கொண்ட சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கொன்றதையே கும்பிட்ட கூட்டம் நாங்கள். எங்களுக்கு இரக்கம் சொல்லித்தர வருபவர் அந்தக் கொம்பிலிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கலாம்.

மகள் என்று ஊரெல்லாம் சொல்லட்டும். ஆனால் ஊரெல்லாம் கேட்கும் அந்தச் சொல்லுக்குச் செலவு ஒரு வீட்டின் தலையில் மட்டும் விழுவது அநீதி. மீனைத் தின்கிற நகரத்துக்கும் அவள் மகள்தான். கரையோரக் கடலில் அழிந்துகொண்டிருக்கும் சாதாரண உழுவை மீனுக்கு அம்மணி என்ற பட்டமும் இல்லை, அழகும் இல்லை. அதை விடச் சொன்னால் அறுபடும் வலைக்கு யார் தருவார்கள்?

எனக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா கரையில் ஒரு கொம்பன்சுறாவைக் கீறினாள். குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சுக்கு நடுவிலும் கொடி, அடியில் நஞ்சு, எங்களைப் போலவே. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “மக்ளே, இதுக்கும் கொடி உண்டு, பாத்தியா” என்றாள். இரண்டை அள்ளிக்கொண்டு அலைக்குள் இடுப்பளவு போனாள். ஒன்று வாலை அசைத்தது. அம்மா திரும்பி வந்து, நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்று, மீதியைக் கீறினாள். அடுத்த வாரம் எனக்குப் பிள்ளை பிறந்தது. புட்டு வந்தது. தின்றேன்.